துண்டுச் சீட்டின் பின்புறம்

ஷபனெல் தெருவில் ஆறாம் மாடி.
நான் துணி வெட்டுகிற மேசைக்கும்
அவர்கள் கணக்குப் பார்க்கிற மேசைக்கும் நடுவே
கண்ணாடித் தடுப்புக்கூட இல்லை.
தேவைப்படவில்லை.
தடுப்பாக ஒரு மொழி இருந்தது.

ஒக்தாவ் வலபிரெக், அவர் தமக்கை நொயெமி.
கார்ப்பந்திராவிலிருந்து கப்பலேறி வந்தவர்கள்.
என்னோடு பிரெஞ்சு. வங்கியோடு ஆங்கிலம்.
என்னைப் பற்றி மட்டும் அது:
பாதி தென்பிரான்சின் பழைய பேச்சு,
பாதி எபிரேயம்,
‘ச’ வரவேண்டிய இடத்திலெல்லாம்
விளக்கை ஊதி அணைப்பதுபோல் ஒரு காற்று.

அந்தக் காற்றுக்குத் தமிழில் எழுத்தில்லை.
எஃகுக்கும் அஃதுக்கும் பிறகு
வேலையில்லாமல் இருந்த ஆய்தத்தை
நான்தான் மொன்றியலில் வேலைக்குச் சேர்த்தேன்.
துண்டுச் சீட்டைத் திருப்பி, மடியில் வைத்து,
கெஃபெஃப் என்று எழுதினேன்.
எதிரே காசு என்று போட்டேன்.
சம்பள வெள்ளிகளில்தான் அந்தச் சொல்
அடிக்கடி வந்துபோனது.

கனாவ் என்றார் ஒருநாள் ஒக்தாவ்,
என் முதுகைப் பார்த்து.
இராத்திரி கண்ட கனாவைச் சொல்கிறார் என்றிருந்தேன்.
மாலை வாசலில் என் பையைக் கொட்டச் சொன்னார்கள்:
சோற்றுப் பெட்டி, பஸ் பாஸ், மகளின் ஒற்றைக் கையுறை.
காணாமல்போன மூன்று மீற்றர் உள்துணி
மறுநாள் ஹீற்றருக்குப் பின்னால் கிடந்தது.
தாவார், என்றார் தமக்கை தம்பியிடம்.
வாயை மூடு என்று அர்த்தம்.
கள்ளியையும் மௌனத்தையும்
ஒரே சீட்டில் எழுதிக்கொண்டேன்.

நாங்கள் மட்டும் யோக்கியமா?
பக்கத்து மெஷினில் யோகராணி,
நொயெமி நடந்து வரும்போதெல்லாம்
“கொக்கு வருது, குனி” என்பாள்.
அவருடைய கழுத்து அப்படி.
முகத்துக்கு நேரே சொல்லிச் சிரிப்போம்,
தமிழைச் சாத்தித் தாழ் போட்டுவிட்ட துணிச்சலில்.

பதினொரு வருடம். பதினேழு சொல்.

மாசியில் ஒக்தாவ் மோசம்போனார்.
நிலம் இறுகிக் கிடந்ததால்
குழி தோண்டவும் மெஷின் வந்ததாம்.
எட்டாம் நாள் நொயெமி வந்து கதவைத் திறந்தார்.
ரொறன்ரோ யாவாரி ஒருவன்
நாற்பது கோட்டுக்கு விலை குறைக்கச் சொல்லி நின்றான்.
அவர் பழக்கத்தில் வெற்று நாற்காலிப் பக்கம் திரும்பி,
மெல்ல,
“கெஃபெஃப்?” என்றார்.

நாற்காலி ஒன்றும் சொல்லவில்லை.
கேட்ட கேள்வி அந்தரத்தில் தொங்குவது
எனக்குப் பொறுக்கவில்லை, வேறொன்றுமில்லை.
வெண்கட்டியைக் கீழே வைக்காமல், நிமிராமல்
“தாவார்” என்றேன்.

யாவாரி முழு விலையும் கொடுத்துப் போனான்.

ஓடிவந்து கட்டிக்கொண்டார் என்று எழுத ஆசைதான்.
இல்லை. காதிலிருந்து கழுத்துவரை சிவந்தது.
விரல்களை ஒவ்வொன்றாய் மடித்தார்,
என் முன்னால் என்னென்ன சொன்னோம் என்று.
எண்ணி முடியாமல் ஜன்னலடிக்குப் போனார்.
அங்கிருந்து, திரும்பாமல்,
“கொக்கு” என்றார் தமிழில்.
“அது நான்தானே?” என்றார் பிரெஞ்சில்.

யோகராணியின் மெஷின் நின்றது.

அடுத்த சம்பளத்தில்
மணிக்கு இருபத்தைந்து சதம் கூடியிருந்தது.
நான் காரணம் கேட்கவில்லை, அவர் சொல்லவுமில்லை.
அந்தப் பேச்சின் பெயரை மட்டும் சொன்னார்:
ஷுவாதித்.
பதினெட்டாவது சொல்.

இப்போது ஆறாம் மாடியில் உடற்பயிற்சிக் கூடம்.
நொயெமியும் இல்லை.
சீட்டுகள் ஒரு பிஸ்கட் டின்னில் கிடக்கின்றன.
பஞ்சிக்காரி, சின்னக் கை, கனாவ்,
நல்ல வெட்டு, அவளுக்குச் சொல்லாதே.
மழைக்கு அவர்கள் என்ன சொல்வார்கள்,
பிள்ளையை எப்படிக் கொஞ்சுவார்கள்
ஒன்றும் தெரியாது.
ஒரு மொழி புறப்பட்டுப் போனபோது
என்னிடம் விட்டுப்போனது
என்னைப் பற்றிய புறணி.

நேற்று ஜோன் தலோன் சந்தையில்
தக்காளிக்காரன் தராசில் விரலை வைத்தான்.
கனாவ், என்றேன், சத்தமாகவே.
“மெர்சி, மதாம்” என்று
பையைக் கட்டித் தந்தான்.